மீன் பார்த்த ஆகாயம்

சிறு வயதில் கோடை விடுமுறை விட்டதும் என்னைத் தாயில்பட்டியில் இருந்த அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த ஊர் வெயிலைப் பற்றி விருதுநகர் ஜில்லாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொன்னாலும் நம்பமாட்டார்கள். தீப்பெட்டியும் பட்டாசும் அந்த வட்டாரத்தில் வேரூன்றியதற்கு அந்த வறண்ட காற்றே பாதிக் காரணம் என்பார்கள். காய வைத்த மருந்து காய்கிற மாதிரியே பையன்களும் காய்ந்து கிடப்போம். அதற்குப் பரிகாரம் கிணறு.

அத்தை வீட்டுக் கொல்லையைத் தாண்டி ஒரு பெரிய கிணறு இருந்தது. கமலை போய்ப் பம்பு செட்டு வந்து வெகு காலம் ஆகிவிட்டாலும், ஊரில் அதற்குக் கமலைக் கிணறு என்றுதான் பெயர். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து குதிப்போம். யார் அதிக நேரம் தண்ணீருக்குள் மூச்சுப் பிடித்து இருப்பது என்று பந்தயம் நடக்கும். நான் ஒரு நாளும் ஜயித்ததில்லை. ஆனால் தோற்பதற்கு முன்னால் கிடைத்த சில விநாடிகளில் ஒரு விசித்திரத்தைப் பார்த்து வைத்திருந்தேன்.

நீருக்குள் மல்லாந்து, கண்ணைத் திறந்து, அலை அடங்கும் வரையில் காத்திருக்க வேண்டும். அடங்கியதும் தலைக்கு மேலே ஒரு வட்டத் தாம்பாளம் தெரியும். ஆகாயம் பூராவும் அந்தத் தாம்பாளத்துக்குள் இருக்கும். அதன் விளிம்பைச் சுற்றிக் கிணற்றுச் சுவர், படிக்கட்டு, பம்பு செட்டு அறை, வேப்பமரம், கையில் கம்போடு "ஏறி வாங்கடா" என்று கத்துகிற மாமா எல்லோரும் வளைந்து குனிந்து என்னை எட்டிப் பார்ப்பார்கள். மாமா படிக்கட்டில் ஒரு ஓரத்தில்தான் நிற்கிறார். ஆனால் தண்ணீருக்குள்ளிருந்து பார்த்தால் தலைக்கு மேலே தொங்குவதுபோல் இருக்கும். வட்டத்துக்கு வெளியே ஒன்றும் இல்லை. இருட்டு, ரசம் பூசிய கண்ணாடி மாதிரி ஒரு பளபளப்பு, அவ்வளவுதான்.

இந்தச் சமாசாரத்தை மற்றப் பையன்களிடம் சொன்னேன். அவர்களுக்கு அது ஒரு புதுமையாகவே படவில்லை. "மீனுக்கு அப்படித்தான்டா தெரியும்" என்று ஒருவன் தீர்ப்பளித்தான். நாலாம் வகுப்பில் இரண்டு தடவை தங்கியவன் அவன். அமெரிக்காவில் ஒரு பௌதிகப் பேராசிரியர் இதே வார்த்தையை 1906-ஆம் வருஷத்தில் ஒரு விஞ்ஞானப் பத்திரிகையில் எழுதியிருக்கிறார் என்பது எனக்குத் தெரிய இன்னும் முப்பது வருஷம் ஆயிற்று.

தெரியவந்தது ஒரு ஸ்டூடியோவில். தாயில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கடைத்தெருவில் பழைய போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் எனக்கு நெடுநாள் பழக்கம். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. பள்ளிக்கூடத்துக் குரூப் போட்டோ, பெண் பார்க்க அனுப்பும் போட்டோ, சடங்கு, கல்யாணம், பாஸ்போர்ட்டு என்று ஐம்பது வருஷம் அந்த வட்டாரத்து ஜனங்களின் முகத்தையெல்லாம் பிலிமில் பிடித்து வைத்தவர். இப்பொழுது கூட்டம் இல்லை. கைபேசி இல்லாத வீடு ஏது? ஆதார் அட்டையை நகலெடுக்க வருகிறவர்கள்தான் வாடிக்கைக்காரர்கள். நான் போனபோது அவர் தம்முடைய பேரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

பேரன் என்ஜினீயரிங் கல்லூரியில் படிக்கிறான். யாரோ சிநேகிதனிடம் இரவல் வாங்கி ஒரு பிளாஸ்டிக் கேமரா கொண்டுவந்திருந்தான். முன்னால் தவளைக் கண் மாதிரி புடைத்துக்கொண்டு ஒரு லென்ஸ். அதில் பிலிம் சுருள் போட்டு ஊரையெல்லாம் எடுத்துக் கழுவி, படங்களை மேஜைமேல் பரப்பி வைத்திருந்தான். ஒவ்வொன்றும் ஒரு வட்டம். வட்டத்துக்குள் தெரு வில்லாக வளைந்திருந்தது. கோயில் கோபுரம் வாழைப்பழமாகியிருந்தது. நடுவில் நின்ற ஆட்டின் மூக்கு மட்டும் அதன் உடம்பைவிடப் பெரிதாக இருந்தது.

"பாருங்க தம்பி" என்றார் அண்ணாச்சி என்னிடம். "தூண் நேரா நிக்கணும்னு அம்பது வருசம் பாடுபட்டிருக்கேன். தூண் ஒரு நூல் சாஞ்சாக்கூடக் கல்யாண வீட்டுக்காரன் பாக்கிக் காசு தரமாட்டான். இவன் என்னடான்னா, காசு குடுத்துக் கோணலா எடுக்கான்!"

"தாத்தா, இது மீன்கண் லென்ஸு" என்றான் பையன்.

"மீனுக்கு எதுக்குடா போட்டோ?"

இருவருக்கும் மத்தியஸ்தம் செய்வதற்காக நான் இந்த லென்ஸின் வரலாற்றைத் தேடிப் பிடிக்கத் தொடங்கினேன். தேடத் தேட, கிணற்றுக்குள் பார்த்த தாம்பாளம்தான் திரும்பத் திரும்ப வந்தது.

ராபர்ட் வில்லியம்ஸ் உட் என்பது அந்தப் பேராசிரியரின் பெயர். பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் இருந்தவர். கதை படிப்பவர்களுக்குப் பிடித்தமான மனிதர். 1904-இல் பிரான்ஸ் தேசத்தில் பிளாண்ட்லோ என்ற பெரிய விஞ்ஞானி 'என் கதிர்' என்று ஒரு புதிய கதிரைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லி, ஐரோப்பாவே அதைப் பேசிக்கொண்டிருந்தது. உட் அங்கே போனார். இருட்டறையில் பரிசோதனை நடந்துகொண்டிருந்தபோது, கருவியின் முக்கியமான முப்பட்டைக் கண்ணாடியை யாருக்கும் தெரியாமல் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். கண்ணாடி இல்லாமலே அவர்களுக்குக் கதிர் தெரிந்துகொண்டிருந்தது! அத்துடன் அந்தக் கதிரின் ஆயுள் முடிந்தது. இதே உட், பறவைகளையும் பூக்களையும் வைத்துக் குழந்தைகளுக்கு வேடிக்கைப் பாட்டுப் புஸ்தகம் எழுதிப் படமும் தாமே போட்டார். இன்னொருவரோடு சேர்ந்து ஒரு விஞ்ஞான நாவலும் எழுதினார். தமது நீளமான குழாய்க் கருவிக்குள் சிலந்தி கூடு கட்டிவிட்டால், வீட்டுப் பூனையை ஒரு முனையில் விட்டு மறு முனையில் பிடித்துச் சுத்தம் செய்வாராம். இப்படிப்பட்டவருக்கு, மீனுக்கு வெளியுலகம் எப்படித் தெரியும் என்ற கேள்வி எழுந்ததில் ஆச்சரியமில்லை.

விஷயம் இதுதான். காற்றிலிருந்து தண்ணீருக்குள் நுழையும் ஒளி வளைகிறது. நேர் மேலேயிருந்து வருவது வளையாது. சாய்ந்து வரவர அதிகமாக வளையும். தரையோடு தரையாக, அடிவானத்திலிருந்து வரும் ஒளிகூடத் தண்ணீருக்குள் புகுந்ததும் செங்குத்திலிருந்து ஏறக்குறைய 48½ பாகைக்கு மேல் சாய்ந்திருக்க முடியாது. ஆகவே வெளியே 180 பாகை விரிந்து கிடக்கும் உலகம் முழுவதும் உள்ளே 97 பாகைக் கூம்புக்குள் மடங்கி அடங்கிவிடுகிறது. நான் பார்த்த தாம்பாளம் அந்தக் கூம்பின் வாய். அதற்கு வெளியே தண்ணீரின் மேல்மட்டம் கண்ணாடியாகிக் கிணற்றின் அடிப்பகுதியைத்தான் திருப்பிக் காட்டுகிறது, அதனால்தான் இருட்டு.

உட் ஒரு வாளியை எடுத்துக்கொண்டார். அடியில் போட்டோத் தகட்டை வைத்துத் தண்ணீர் நிரப்பி, ஒளி ஒரு சிறு துவாரத்தின் வழியாக மட்டும் உள்ளே வரும்படி செய்து, ஆகாயத்தைப் பார்க்க வைத்துப் படம் பிடித்தார். வாளியை எப்பொழுதும் மேலே பார்த்துத்தானே வைக்க முடியும்? அதனால் பிறகு தண்ணீர் நிரப்பி மூடிய பெட்டி ஒன்று செய்தார். அதை எந்தப் பக்கமும் திருப்பலாம். அந்தப் படங்களுக்கு 'மீன்கண் காட்சிகள்' என்று பெயர் வைத்தார். பெயர் நிலைத்துவிட்டது. மீன் தண்ணீருக்குள் இருப்பதால் அப்படித் தெரிகிறதே ஒழிய, மீனின் கண்ணில் விசேஷம் எதுவும் இல்லை. அந்தத் தண்ணீருக்குள் எருமை முங்கினாலும் அதற்கும் அப்படித்தான் தெரியும். நாலாம் வகுப்பில் தங்கியவனும் உட்டும் ஒரே தவறைச் செய்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீரைச் சுமந்து திரிய முடியாதல்லவா? 1922-இல் பாண்ட் என்ற ஆங்கிலேயர் தண்ணீருக்குப் பதில் அரைக் கோளமான கண்ணாடியை வைத்தார். 1924-இல் கேம்பிரிட்ஜில் ராபின் ஹில் என்பவர் அதையும் மேம்படுத்தி, அரை வானத்தையும் ஒரே படத்தில் பிடிக்கும் லென்ஸ் ஒன்றை வகுத்தார். லண்டனில் பெக் கம்பெனியார் அதைக் கேமராவாகச் செய்து விற்றார்கள். இந்த ஹில் போட்டோக்காரர் அல்ல, தாவர ரசாயன ஆராய்ச்சிக்காரர். இலையிலிருந்து பிரித்தெடுத்த பசுங்கணிகம் வெளிச்சத்தில் பிராணவாயுவை வெளியிடுவதை 1937-இல் காட்டியவர். கல்லூரிப் பிள்ளைகள் இன்றைக்கும் அவர் பெயரால் ஒரு வினையைப் படிக்கிறார்கள். லென்ஸ் செய்ததன் நோக்கம் மேகங்களைக் கணக்கெடுப்பது. கலை, வேடிக்கை என்ற நினைப்பெல்லாம் அப்போது இல்லை. வானிலை நிபுணர்கள் ஆகாயத்தை ஒரு மூலைகூட விடாமல் பிடிக்க வேண்டும் என்று விரும்பினார்கள். தூண் கோணுகிறதா என்று பார்க்க ஆகாயத்தில் தூண் ஏது?

இந்த 'ஒரு மூலைகூட விடாமல்' என்கிற ஆசை நம் நாட்டில் அதற்கு வெகு முன்பே ஒருவரைப் பிடித்து ஆட்டியிருக்கிறது. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவக் காப்டன், சென்னை ராஜதானியின் சர்க்கார் போட்டோக்காரராக நியமிக்கப்பட்டு, 1858-இல் மதுரை, தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை என்று சுற்றினார். இந்த வெயிலில் கண்ணாடித் தகட்டில் பூசிய ரசாயனம் எடுப்பதற்குள் உலர்ந்துவிடும். ஆகவே மெழுகு ஊட்டிய காகிதத்தையே நெகட்டிவாகப் பயன்படுத்தினார். மதுரையில் அவர் எடுத்த கோயில் படங்களை இன்று பார்த்தாலும் கல்லைத் தொட்டுப் பார்க்கத் தோன்றும்.

தஞ்சைப் பெரிய கோயிலில் அவருக்கு ஒரு சங்கடம் ஏற்பட்டது. விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ராஜராஜன் வெட்டுவித்த எழுத்து வரிவரியாக ஓடுகிறது. அதை அறிஞர்கள் படிக்கிற மாதிரி முழுவதும் படமெடுக்க வேண்டும். தள்ளி நின்றால் எழுத்துப் புலப்படாது. கிட்டே போனால் சுவர் சட்டத்துக்குள் அடங்காது. டிரைப் என்ன செய்தார்? கேமராவைச் சுவரோடு சுவராக நகர்த்தி நகர்த்தி, ஒன்றன்பின் ஒன்றாக 21 படங்கள் எடுத்து, அச்சிட்டு, ஓரத்தோடு ஓரம் சேர்த்து ஒட்டினார். ஏறக்குறைய 19 அடி நீளம் வந்தது. விரித்துப் பார்க்க ஒரு கூடம் வேண்டும்! ஆனால் ஓர் எழுத்துக்கூட வளையவில்லை. இரண்டு வருஷத்துக்குள் புதிதாக வந்த கவர்னர் டிரெவெல்யன், இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று சொல்லி அந்த உத்தியோகத்தையே எடுத்துவிட்டார். டிரைப்புக்கு அதற்கப்புறம் படமெடுப்பதில் பெரிதாக மனம் செல்லவில்லை. கஜானாக்காரர்களுக்கும் கலைக்கும் எந்தக் காலத்தில் ஒத்துப் போயிருக்கிறது?

அதே ராஜராஜனைப் பற்றி எடுத்த 'ராஜராஜ சோழன்' படம்தான் 1973-இல் தமிழில் முதல் சினிமாஸ்கோப் படமாக வந்தது. அந்த லென்ஸ் அகலமான காட்சியைப் பக்கவாட்டில் நசுக்கிப் பிலிமில் அடக்குகிறது. தியேட்டரில் இன்னொரு லென்ஸ் அதை நீட்டி நேராக்கிவிடுகிறது. கொட்டகையில் உட்கார்ந்திருப்பவருக்கு நசுக்கிய விஷயமே தெரியாது. மீன்கண்ணில் அந்த இரண்டாவது லென்ஸ் இல்லை. நசுக்கியது நசுக்கியபடியே வெளியே வருகிறது. மூலையையும் விடக் கூடாது, கோடும் வளையக் கூடாது என்றால் தஞ்சாவூரில் செய்ததுபோல் 21 தடவை எடுக்க வேண்டியதுதான்.

விஞ்ஞானிகளிடம் இருந்த லென்ஸைச் சாதாரண கேமராக்காரன் கைக்குக் கொண்டுவந்தது ஜப்பான். நிக்கான் கம்பெனியார் 1938-இலேயே ஒன்று செய்து பார்த்தார்கள். 1962-இல் 35 மில்லிமீட்டர் கேமராவில் மாட்டுகிற 8 மில்லிமீட்டர் லென்ஸை விற்பனைக்கு விட்டார்கள். அதன் வால் கேமராவுக்குள் வெகு ஆழம் நீண்டிருந்ததால், உள்ளே இருக்கும் கண்ணாடியைத் தூக்கி வைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். அதாவது எடுப்பவருக்கு லென்ஸ் வழியாக ஒன்றும் தெரியாது. தலைமேல் தனியாக ஒரு பார்வைக் குழாய். 1970-இல் வந்த 6 மில்லிமீட்டர் லென்ஸ் 220 பாகை பார்த்தது. தனக்குப் பின்னால் இருப்பதையும் கொஞ்சம் பார்த்தது என்று அர்த்தம். மாமியார்களுக்கு மட்டுமே இருந்த சக்தி! எடுப்பவரின் பாதமும், கேமராவை நிறுத்திய முக்காலியின் காலும் படத்தில் விழுந்துகொண்டே இருந்தன.

அப்புறம் சினிமாக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1966-இல் ஜேம்ஸ் வாங் ஹோ என்ற முதிர்ந்த ஒளிப்பதிவாளர், 'செகண்ட்ஸ்' படத்தில் மனம் பேதலித்த ஒருவனின் உலகத்தை அதனால் வளைத்துக் காட்டினார். 1968-இல் ஸ்டான்லி கூப்ரிக் தம்முடைய '2001' படத்தில் ஹால் என்ற கொலைகாரக் கம்ப்யூட்டருக்கு முகம் வேண்டுமே என்று யோசித்து, நிக்கானின் 8 மில்லிமீட்டர் லென்ஸையே அதன் கண்ணாக வைத்துச் சிவப்பு விளக்கு ஏற்றிவிட்டார். அந்தக் கண் பார்க்கும் காட்சிகளை வேறொரு அகன்ற லென்ஸால் எடுத்தார். கிணற்றுக்குள் நான் பார்த்த மாமாவைப் போலவே அந்தப் படத்திலும் விண்வெளி மனிதர்கள் குனிந்து எட்டிப் பார்ப்பார்கள்.

பேரன் கையிலிருந்த பிளாஸ்டிக் சாமானின் பூர்வோத்தரம் வேறு. லெனின்கிராட் தொழிற்சாலை ஒன்று 1984 முதல் செய்த ஒரு சிறிய மலிவுக் கேமராவை, 1991-இல் பிராக் நகரத்தில் வியன்னா மாணவர்கள் சிலர் வாங்கினார்கள். அதில் ஓரம் இருளும், நிறம் முறுக்கேறும். அந்தக் குறைகளையே அவர்கள் கொண்டாடி, 1992-இல் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். சங்கம் கம்பெனியாயிற்று. 2005-இல் அவர்கள் வெளியிட்ட பிளாஸ்டிக் மீன்கண் கேமரா 170 பாகை பார்த்தது. அடுத்ததில் ஒரே பிலிம் கட்டத்தில் எத்தனை தடவை வேண்டுமானாலும் படமெடுக்கும் வசதியும் வந்தது. உலகமெல்லாம் டிஜிட்டலுக்கு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் இந்தப் பிள்ளைகள் காலாவதியான பிலிமை வாங்கி, தப்பான மருந்தில் கழுவி, கதவில் பொருத்தும் எட்டிப் பார்க்கும் கண்ணாடியைக் கேமராமுன் ஒட்டி என்னென்னவோ செய்தார்கள். கோடாக் கம்பெனி 2012-இல் திவால் மனுப் போட்டது. பிலிம் மட்டும் சாகவில்லை.

நம்முடைய பிலிம் செத்துவிட்டது. தூசியில்லாத குளிர்ந்த காற்று வேண்டும் என்று ஊட்டியைத் தேர்ந்தெடுத்து, 1960-இல் சர்க்கார் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1967-இல் உற்பத்தியை ஆரம்பித்தது. 'இந்து' என்ற பெயரில் வந்த அந்தக் கறுப்பு வெள்ளைப் பிலிமில்தான் தென்னாட்டில் எத்தனையோ மாப்பிள்ளைகள் விறைத்து நின்றார்கள். கலர் பிலிம் வந்து, பிறகு பிலிமே வேண்டாம் என்று ஆகி, தொழிற்சாலை நசிந்து மூடிப்போயிற்று. அண்ணாச்சி கடையில் அந்தப் பிலிமின் காலி அட்டைப்பெட்டிகளில் இன்னும் குண்டூசி, ரப்பர் வளையம் எல்லாம் இருக்கின்றன.

உட்டின் வாளிக் கதையை நான் சொன்னதும் அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். "வாளியில பிடிச்சானா? அப்ப நம்மளும் பிடிப்போம்" என்றார். பேரன் கணக்குப் போட்டான். துவாரத்துக்கும் காகிதத்துக்கும் நடுவில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் இருந்தால், அரை வானமும் 11 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான குறுக்களவுள்ள வட்டத்தில் விழும். தண்ணீர் இல்லாவிட்டால் அதற்குக் காகிதம் எத்தனை அகலம் இருந்தாலும் போதாது. இதைக் கேட்டு அண்ணாச்சி, "அஞ்சு பைசாத் தண்ணி அம்புட்டு வேலை பாக்குதா!" என்று அதிசயித்தார்.

தட்டையான பிஸ்கட் டப்பா ஒன்று கிடைத்தது. உள்ளே கறுப்புப் பெயிண்ட் அடித்தோம். மூடியில் ஓட்டை போட்டு, கண்ணாடிச் சில்லு ஒட்டி, அதன் உட்புறம் ஊசியால் குத்திய அலுமினியத் தாளை வைத்தோம். அலமாரியில் காலாவதியான போட்டோக் காகிதம் ஒரு பெட்டி மிச்சம் இருந்தது. சிவப்பு விளக்கில் அதை டப்பாவின் அடியில் வைத்துத் தண்ணீர் ஊற்றி மூடி, வெளியே கொண்டுபோய் வெயிலில் வைத்தோம். கழுவிப் பார்த்தால் நட்ட நடுவில் ஒரு கறை. தண்ணீருக்குள் நின்ற ஒரு காற்றுக் குமிழி நேராக மேலேறி ஓட்டைக்குக் கீழே குடியேறியிருக்கிறது.

இரண்டாம் தடவை அண்ணாச்சி யுக்தி செய்தார். இருட்டறையில் ஓர் அண்டா நிறையத் தண்ணீர் வைத்து, டப்பாவை அதற்குள் முழுக்காட்டி, தண்ணீருக்குள்ளேயே மூடி, விளிம்பில் டேப்பு சுற்றினார். குமிழிக்கு வழியே இல்லை. டப்பாவைக் கொல்லைத் தரையில் ஆகாயத்தைப் பார்க்க வைத்தோம். அக்கம்பக்கத்துச் சனம் கூடிவிட்டது. "எல்லாரும் சுத்தி நில்லுங்க, குனிஞ்சு டப்பாவைப் பாருங்க, நாப்பது எண்ணுற வரைக்கும் அசையப்படாது" என்று உத்தரவு போட்டார். குழந்தைகள் இருபதிலேயே அசைந்துவிட்டார்கள். நடுவில் ஓடிய கோழி படத்தில் விழவே இல்லை.

காகிதத்தைக் கழுவி, அதன்மேல் இன்னொரு காகிதம் வைத்து நேர்ப்படம் எடுத்தபோது சிவப்பு வெளிச்சத்தில் வட்டம் மெல்ல மெல்ல எழும்பி வந்தது. பழைய காகிதமானதால் பழுப்பு; ஓரம் மங்கல். ஆனால் சுற்றிலும் தலைகள்! முன்வரிசை, பின்வரிசை, ஓரத்தில் நிற்பவன், நடுவில் நிற்பவன் என்ற பேதமே இல்லாமல், பூவிதழ் மாதிரி எல்லாத் தலையும் உள்ளே சாய்ந்திருந்தது. எனக்குக் கிணறு ஞாபகம் வந்துவிட்டது. அண்ணாச்சி வெகு நேரம் அதைத் தட்டிலேயே ஆட்டிக்கொண்டிருந்தார். "ஒருத்தரையும் வெட்டல பாத்தீகளா" என்றார்.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பட்டாசு விளையும் ஊர்களில் ஸ்டூடியோக்காரனுக்கு ஒரு வேலை உண்டு. வெளியூர் ஸ்டூடியோக்காரர்களுக்கு அது அவ்வளவாக வராது. ஏதாவது ஓர் இடத்தில் வெடித்துவிட்டது என்று சத்தம் கேட்கும். மறுநாள் அல்லது அதற்கு மறுநாள் யாராவது வந்து நிற்பார்கள். மாலை போட ஒரு படம் வேண்டும். போனவர் உயிரோடு இருந்தபோது தனியாகப் படம் எடுத்துக்கொண்டிருக்க மாட்டார். கல்யாணக் கூட்டத்தில், திருவிழாவில், எங்கேயாவது நின்றிருப்பார். அதிலிருந்து முகத்தை மட்டும் பெரிதாக்கித் தர வேண்டும். பழைய ஸ்டூடியோக்களில் வெளிச்சத்துக்காகக் கொளுத்திய மருந்துப் பொடி, ஜெர்மனியில் மீத்தேயும் கேடிக்கேயும் 1887-இல் செய்தது, மக்னீசியமும் பொட்டாசியம் குளோரேட்டும் கலந்தது. பட்டாசு மருந்துக்குப் பங்காளி உறவு. அண்ணாச்சிக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவர் அந்தப் பொடியில் புருவத்தைப் பறிகொடுத்தவராம். "ரெண்டும் ஒரே மருந்துதான் தம்பி. ஒண்ணு படம் எடுக்கும். இன்னொண்ணு படத்துக்கு ஆள் அனுப்பும்" என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறார்.

கொல்லையில் கூடிய கூட்டத்தில் ஒரு பாட்டியம்மாள் இருந்தாள். எல்லோரும் போன பிறகும் அவள் போகவில்லை. ஈரப் படத்தை வாங்கித் தன் தலை எது என்று பார்த்துக்கொண்டாள். பிறகு முந்தானையிலிருந்து ஒரு பழைய அட்டைப் போட்டோவை எடுத்தாள். 1970-களில் எடுத்த ஒரு கல்யாணக் குரூப். முப்பது பேர் இருக்கலாம். வலது கோடியில் ஒரு தோளும், தோளில் கிடந்த துண்டும், ஒரு கையும் மட்டும் இருந்தன. "இது எங்க வீட்டுக்காரவுக" என்றாள்.

அவள் புருஷன் பின்னால் ஒரு வெடி விபத்தில் போய்விட்டான். வேறு படமே கிடையாது. நாற்பது வருஷத்துக்கு மேல் அந்தத் தோளுக்குத்தான் பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"அண்ணாச்சி, இந்த டப்பாவை அன்னைக்கே வச்சிருந்தா, அவுக முழுசா விழுந்திருப்பாகளா?"

அண்ணாச்சி பதில் சொல்லவில்லை. படத்தின் பின்பக்கத்தைத் திருப்பினார். அவர் கடை முத்திரைதான் இருந்தது. பென்சிலால் ஒரு நம்பர். எழுந்து உள்ளே போனார்.

இங்கே நான் ஒன்று சொல்லியாக வேண்டும். பத்து வருஷத்துக்கு முன் ஒரு வியாபாரி வந்து, பழைய நெகட்டிவ்களை எடைக்கு வாங்கிக்கொண்டு போனான். பிலிமில் வெள்ளி இருக்கிறது; உருக்கி எடுப்பார்கள். இடமும் இல்லை, பணமும் தேவை. பாதிப் பெட்டிகளை அண்ணாச்சி கொடுத்துவிட்டார். அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. மிச்சப் பெட்டிகளில் தேட இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் காலையில் பேரன் எனக்குப் போன் செய்தான்.

நெகட்டிவ் இருந்தது. அது பெல்லோஸ் வைத்த பழைய மடிப்புக் கேமராவில் எடுத்தது. ஒரு சுருளுக்கு எட்டே படம் விழும் நீளமான கட்டம். அன்றைக்கு வழக்கத்தில் இருந்த முழுத்தட்டுக் காகிதம் அவ்வளவு நீளம் கிடையாது, ஆறரைக்கு எட்டரை அங்குலம். காகிதம் நிரம்ப அச்சிட்டால் இரண்டு பக்கமும் நெகட்டிவில் அரை சென்டிமீட்டர் வெளியே நின்றுவிடும். மாப்பிள்ளையும் பெண்ணும் நடுவில் வர வேண்டுமே என்றுதான் அண்ணாச்சி பார்த்திருப்பார். வெளியே நின்ற அந்த அரை சென்டிமீட்டரில் பாட்டியம்மாளின் புருஷன் இருந்தான். முப்பது வயது இருக்கும். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. கேமராவைப் பார்க்காமல் பக்கத்தில் யாரையோ பார்த்துச் சிரிக்கிற முகம். பிலிமின் விளிம்பு அவனுடைய ஒரு காதோடு நின்றுவிட்டது.

அண்ணாச்சி அன்று மத்தியானமே இருட்டறையைக் கழுவி, மருந்து கரைத்து, தாமே பெரிதாக்கினார். பேரனை உதவிக்கு விடவில்லை. சாயங்காலம் பாட்டியம்மாள் வந்தாள். படத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணுக்கு மிகக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். நாங்கள் மூன்று பேரும் சும்மா நின்றோம். வெகு நேரம் கழித்துத் தலை நிமிர்ந்தாள்.

"இந்தப் பக்கத்துக் காது எங்க அண்ணாச்சி?" என்றாள். "கடுக்கன் போட்டிருந்தாகளே!"